அவசரமும் அம்மாவின் சாவிக்கொத்தும்

என் தங்கை வீட்டுக்காரரை எங்கள் பகுதியில் எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைப் போல நிதானமான ஆளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது என்பதால் வந்த பெயர் அது. கார், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர். ஹெட்லைட் எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை என்று யார் வந்தாலும், முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். பத்து நிமிடம் சும்மா பார்ப்பார். வண்டியே வாயைத் திறந்து தன் குறையைச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரோ என்று தோன்றும்.

நான் அதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாற்பத்திரண்டு ஆசிரியர்களுக்கும் நேர அட்டவணை போடுகிற வேலையும் என் தலையில்தான். மணி அடித்து ஒரு நிமிடம் கழித்து வகுப்புக்குள் நுழைகிறவரைப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்தார். தங்கையின் ஸ்கூட்டர் ஹாரனைச் சரிசெய்ய நான்கு நாள் எடுத்துக்கொண்டவர். தினமும் சாயங்காலம் "ஆச்சா?" என்று கேட்கப் போன தங்கை, ஐந்தாம் நாள் வந்து, கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஹாரன் முதல் நாளே சரியாகிவிட்டது என்ற விஷயம் எங்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் இருந்தார். பாதி மாடியில் லிஃப்ட் நின்றுவிடும், உள்ளே ஆட்கள் கத்துவார்கள், வெளியே சொந்தக்காரர்கள் கத்துவார்கள். "உள்ள இருக்கிறவங்க பதறுவாங்க, அது நியாயம் மச்சான். நானும் சேர்ந்து பதறினா யாரு திறக்கிறது?" என்பார். பத்து வருடம் அப்படியே கழிந்ததில் நிதானம் அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டைக்கூட அவர் வேலை பார்ப்பதுபோலத்தான் சாப்பிடுவார். அவரோடு பந்தியில் உட்கார்ந்தால் நான் எழுந்து கைகழுவிவிட்டு வந்து மறுபடி பசியோடு உட்காரலாம்.

அவருடைய பட்டறை டயர் கடைக்கும் சோபா தைக்கிற கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கார் உள்ளே நுழைந்தால் டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும்தான் திறக்கும். சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒற்றைச் சாவி. சாவியில் கட்டியிருக்கும் மெல்லிய மரச்சில்லில் வண்டி நம்பர் எழுதியிருக்கும். இது அவருடைய கண்டிப்பான பழக்கம். வண்டியை விட வருகிறவர் சாவிக்கொத்தை நீட்டினால் அப்படியே வாங்க மாட்டார். உட்கார்ந்து, நகத்தால் வளையத்தை நெம்பி, வண்டிச் சாவியை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எப்போதோ ஒருவர் விட்டுப்போன கொத்தில் பீரோ சாவி காணாமல் போய், பீரோவை உடைக்கும்படி ஆகிவிட்டதாம். அன்றிலிருந்து, "உங்க வீட்டுச் சாவி எனக்கு எதுக்குங்க? வண்டியோடது மட்டும் போதும்." இந்த நேர்மைக்காகவே அந்தத் தெருவில் அவருக்குத் தனி மரியாதை. அந்த மரியாதைதான் கடைசியில் எங்கள் எல்லோரையும் ஒரு மாதம் சுற்றவிட்டது.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள். "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று ஊரையே அதட்டியவள். ரிட்டயர் ஆன மறு வாரம், ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு பல் டாக்டரிடமிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாக ஒரு உடம்பு. வயது முப்பத்தெட்டு. பின் சீட் என்று பெயருக்கு இரண்டு பள்ளம். அப்பா இருந்திருந்தால் "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, முன் சீட்டில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருப்பார். நான் கேட்டதோடு சரி.

நான்கு வருடம் வண்டி அம்மாவைப் போலவே திடமாக ஓடியது. ஐந்தாம் வருடம் தொந்தரவு ஆரம்பித்தது. முதலில் நூலகத்துத் திருப்பத்தில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் எஞ்சின் பொசுக்கென்று நின்றது. ஓரங்கட்டி, சாவியை எடுத்து மறுபடி போட்டுத் திருகியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிட்டது. அவசரம் பேட்டரியின் முனைகளைச் சுத்தம் செய்தார், எர்த் ஒயரை மாற்றினார், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பாலத்தின் மேல் நின்றது. மறுபடி பட்டறை, மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை ரவுண்டானாவின் நடுவில், பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருக்கும்போது நின்றது. பஸ் டிரைவர் நல்லவர், பிரேக்கும் நல்ல பிரேக்.

செய்தி வந்த அன்றைக்கே அம்மா வீட்டில் கூட்டம் போட்டேன். அம்மா, தங்கை, அவசரம், நான். கரும்பலகை இல்லாத குறைதான்.

"மாப்பிள்ளை ஓட்டினா நிக்கல. தங்கச்சி ஓட்டினா நிக்கல. பட்டறையிலேர்ந்து நான் எடுத்துட்டுப் போய் ஊரெல்லாம் சுத்தினேன், பூ மாதிரி ஓடுது. நீ ஓட்டினா மட்டும் நிக்குது. கிளட்ச்சுல உன் கால் சரியா உக்கார்றதில்லம்மா. வயசாயிடுச்சு, ஒத்துக்கோ" என்றேன்.

"கால் சரியாத்தான்டா இருக்கு. நிக்கிறப்போ மீட்டர்ல இருக்கிற வெளக்கு அத்தனையும் அணைஞ்சிடுது. என் கால் போய் வெளக்கை அணைக்குமா?"

"பதட்டத்துல நீ எதைப் பார்த்தியோ."

இத்தனை நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்த அவசரம் தலையைத் தூக்கினார். "மச்சான், கால் தப்பால எஞ்சின் நின்னா மீட்டர்ல சிவப்பு வெளக்கு எரியும். அணையாது. வெளக்கும் சேர்ந்து போச்சுன்னா, அது கால் இல்ல, கரண்ட்டு. அத்தை பார்த்தது சரின்னா சாவி சுவிட்ச் பக்கம்தான் ஏதோ இருக்கணும்."

"இருக்கணும்னா கண்டுபிடிச்சிருக்கணும்ல? ரெண்டு தடவை பார்த்தீங்களே!"

அவர் மறுபடி டீயை ஆற்ற ஆரம்பித்தார். எங்கள் பள்ளிக் கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு அந்தக் கார் மேல் வெகுநாளாக ஒரு கண். நான் ஏற்கெனவே அவரிடம் பேசி முடித்திருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன் என்றிருந்தார். அதைச் சொன்னதும் அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சாவிக்கொத்தை எடுத்து அவசரத்தின் முன்னால் வைத்தாள்.

"கடைசியா ஒரு வாட்டி பாருங்க மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணும் கிடைக்கலன்னா, என் கால்தான்னு நானே ஒத்துக்கறேன். வண்டியையும் குடுத்துடறேன், அதோட நான் ஓட்டறதும் சரி." அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் பஸ்ஸை நினைத்துக்கொண்டு மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அவசரம் வழக்கம்போல நகத்தால் நெம்பி வண்டிச் சாவியை மட்டும் உருவிக்கொண்டு, கொத்தைப் பத்திரமாக அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரம் அவர் வேறு வண்டியைத் தொடவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றி, சாவி சுவிட்சிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஒயரில் ஒரு டெஸ்ட் லேம்பைக் கட்டினார். விரல் நுனி அளவு பல்பு. அதை டாஷ்போர்டின் மேல் டேப் போட்டு ஒட்டினார். சுவிட்ச் வழியாகக் கரண்ட் போகிறவரை பல்பு எரியும், ஒரு நொடி அறுந்தாலும் அணைந்து காட்டிக் கொடுத்துவிடும். சாவியை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். பல்பு அசைந்து கொடுக்கவில்லை. நூலகத்துத் திருப்பம், பாலம், ரவுண்டானா மூன்றிலும் தலா பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தார். ரவுண்டானாவில் நின்ற போக்குவரத்துக் காவலர் எட்டாவது சுற்றில் அவரை நிறுத்தி, "வழி தெரியலையா?" என்று கேட்டாராம். பல்பு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

சனிக்கிழமை நான் பட்டறைக்குப் போனபோது ஸ்டூலில் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

"கிடைக்கல இல்ல? அப்ப அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"கிடைக்கலன்னுதான் சொல்லுவேன் மச்சான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அத்தையைக் கூட்டிட்டு வாங்க. இத்தனை நாளா நான் வண்டியைத்தான் பார்த்தேன், அவங்க ஓட்டறதைப் பார்க்கவே இல்ல."

"அதைத்தானே நானும் சொல்றேன்! அவங்க ஓட்டறதுலதான் தப்பு!"

"பார்க்கலாம்."

இந்த 'பார்க்கலாம்' என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலைக்கு மேல் கோபம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அம்மா புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். கால் நன்றாகத்தான் இருக்கிறது என்பதை ஊருக்குக் காட்டவோ என்னவோ. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக நான் பின் சீட்டில் ஏறினேன். ஏறினேன் என்பது சும்மா சொல்வது. என்னை மடித்துச் செருகினார்கள். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

அம்மா பலகையில் தொங்கிய சாவியை எடுத்தாள். மரச்சில்லைக் கழற்றி அவசரத்திடம் கொடுத்தாள். கைப்பையிலிருந்து கொத்தை எடுத்து, வண்டிச் சாவியை அதில் கோத்தாள். "தனியா விட்டா தொலைஞ்சிடும்" என்று யாரும் கேட்காமலே சொன்னாள். ஒவ்வொரு தடவை வண்டியைத் திரும்ப எடுக்கும்போதும் அவள் செய்கிற காரியம்தான். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்களுக்கு உறைக்கவில்லை.

அவசரம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. பல்பு எரிந்தது. அம்மாவின் காலை நான் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தேன். குறை சொல்ல இடம் கொடுக்காத கால். நூலகத்துத் திருப்பத்தில் வேகத்தடை வந்தது. ஏறினோம், இறங்கினோம். கொத்து ஒரு குலுங்கு குலுங்கியது. பல்பு பட்டென்று அணைந்தது, மீட்டர் விளக்குகள் அணைந்தன, எஞ்சின் நின்றது.

"நின்னுடுச்சு!" என்று அம்மா கையைத் தட்டினாள். நடுரோட்டில் வண்டி நின்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை உலகம் கண்டிருக்காது. "பார்த்தீங்களா மாப்பிள்ளை! பார்த்தியாடா! கால் எங்க இருக்கு பாரு, எங்க இருக்கு பாரு!"

கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் மடிந்த நிலையிலேயே, "ஓரங்கட்டுங்க, தள்ளுங்க, ஏதாவது பண்ணுங்க!" என்று அலறினேன்.

"யாரும் அசையாதீங்க" என்றார் அவசரம், மாமியாரின் வசனத்தையே எடுத்து. ஹாரனை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலையைச் சாய்த்து, இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். உள்ளங்கையை அதற்கு அடியில் கொண்டுபோய், தூங்குகிற குழந்தையின் தலையைத் தூக்குவதுபோல மெதுவாகத் தூக்கினார்.

பல்பு எரிந்தது.

கையைத் தாழ்த்தினார். அணைந்தது. தூக்கினார். எரிந்தது. இன்னும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, கொத்தைக் கையில் ஏந்தியபடியே சொன்னார்: "அத்தை, ஸ்டார்ட் பண்ணி ஓரமா நிறுத்துங்க. தப்பு என்னோடது."

ஓரத்தில் நிறுத்திய பிறகு எனக்கு விளக்கினார். கொத்தின் கனம் வருடக்கணக்காகச் சாவியைக் கீழே இழுத்ததில், சாவித்துளைக்குப் பின்னால் இருக்கிற சுவிட்சின் உட்பக்கம் ஒருபக்கமாகத் தேய்ந்துவிட்டது. தேய்ந்த சுவிட்ச் வெறும் சாவியைத் தாங்கிக்கொள்ளும். கொத்து தொங்கி, வண்டியும் தூக்கிப் போட்டால், உள்ளே தகடு விலகிக் கரண்ட் அறுந்துவிடும். "நான்தான் ஒவ்வொரு வாட்டியும் கொத்தைக் கழட்டிக் குடுத்துட்டு, குத்தவாளியை வெளிய அனுப்பிட்டு, உள்ள தேடிட்டிருந்தேன். வெறும் சாவியில நான் தலைகீழா நின்னாலும் அது காட்டியிருக்காது."

"இவ்வளவு நேர்மையா இருந்தா இப்படித்தான் மாப்பிள்ளை" என்று அம்மா சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

பத்து மணிக்குச் சரியாகக் கெமிஸ்ட்ரி வாத்தியார் பட்டறைக்கு வந்து நின்றார். நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஆள் அல்லவா, அசடு வழிய எழுந்து நின்றேன். அம்மா முந்திக்கொண்டாள். "விக்கிறதா யாருங்க சொன்னா? ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ரிப்பேர் முடிஞ்சதும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன், உக்காருங்க." அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை போகவே இல்லை. தேய்ந்த தகட்டைக் கையில் வாங்கி, எந்த உலோகம், எப்படிக் கறுத்தது என்று எங்களுக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டார்.

சுவிட்சை மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. பாலத்தடியில் பழைய உதிரிபாகம் விற்கிறவர் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பார். அவரிடம் அதே அளவில் ஒன்று கிடைத்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, பின்பக்கம் இருக்கிற இரண்டே இரண்டு சின்ன ஸ்க்ரூவைத் திருகி எடுத்தால் சுவிட்ச் கையோடு வந்துவிடும். அரை மணி நேர வேலை. அவசரம் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நடுவில் அம்மா ஒரு காரியம் செய்தாள். தங்கையையும் சேர்த்து எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, சமையலறைத் தராசில் கொத்தை வைத்தாள். முந்நூற்று எண்பது கிராம். பிறகு சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் போட்டாள். போடப் போட அது யாருடையது என்று சொன்னாள்.

"இது உன் தங்கச்சி வீட்டு வாசல் கதவு. இது அவ மொட்டைமாடி. இது அவ வண்டிப் பூட்டு, போன வருஷம் தொலைச்சிட்டு அழுதாள்ல, அதுக்கப்புறம் ஒண்ணு என்கிட்ட. இது பக்கத்து வீட்டுக்காரங்க, செடிக்குத் தண்ணி ஊத்தணும். இது பட்டறை ஷட்டர், மாப்பிள்ளையோடது."

அவசரம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது உன் வீட்டுக் கதவு. இது பின்கதவு. இது உன் ஸ்கூல் பீரோ, நீ மறந்துட்டுப் போவேன்னு குடுத்தது. இது உன் கேட்டுப் பூட்டு."

கேட்டுப் பூட்டின் சாவி என் நடுவிரல் நீளம், சுத்தப் பித்தளை. மேசையில் விழுந்தபோது அதுதான் பலமாகச் சத்தம் போட்டது. "எதுக்கும் உன்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்மா" என்று நாங்கள் ஆளாளுக்கு நீட்டியதெல்லாம் அங்கே குவிந்து கிடந்தது. குவியலில் அம்மாவுக்குச் சொந்தமானவை இரண்டே இரண்டு. ஒன்று அவள் வீட்டுக் கதவு, இன்னொன்று கார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. இந்த இரண்டில் ஒன்றைத்தான் அவளிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று நான் கூட்டம் போட்டேன். அவள் வண்டியை நிறுத்தியதில் பெரிய பங்கு என் வீட்டுப் பூட்டுகளுடையது. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எடுத்துக்கோங்க, அவங்கவங்க சாவியை" என்றாள் அம்மா.

யாருடைய கையும் நீளவில்லை. தங்கை தன் மூன்று சாவிகளையும் பார்த்துவிட்டு, "உன்கிட்டயே இருக்கட்டுமேம்மா" என்றாள், சின்னக் குழந்தை மாதிரி. அவசரம் எழுந்துபோய், அளவு டேப்பை எடுத்துச் சமையலறைச் சுவரை அளந்தார். செவ்வாய்க்கிழமை ஒரு பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். அவர் பட்டறையில் இருப்பதைப் போலவே வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் மரச்சில்லு. காருக்கு ஒற்றைச் சாவி. "இனிமே இது தனியாத்தான் தொங்கணும் அத்தை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறையிலும் ஒரு மாற்றம் வந்தது. வருகிறவர்களிடம் கொத்தை இப்போதும் திருப்பிக் கொடுக்கிறார், ஆனால் கொடுக்குமுன் ஒரு தடவை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்க்கிறார்.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து கேட்டில் நின்றால், என் சட்டைப்பையில் சாவி இல்லை. பள்ளிப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, பூட்டை அமுக்கிவிட்டு வந்திருக்கிறேன். பீரோ சாவியும் சேர்ந்து உள்ளே. வீட்டுக்காரி அலுவலக வேலையாக வெளியூரில். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பத்து நிமிஷம்" என்றாள்.

ஒன்பது நிமிடத்தில் தெருமுனையில் சிவப்பு தெரிந்தது. எங்கள் தெருவில் இரண்டு வேகத்தடைகள். இரண்டிலும் ஏறி இறங்கி, ஒரு சிணுங்கலும் இல்லாமல் வந்து என் காலடியில் நின்றது. அம்மா கண்ணாடியை இறக்கி, பித்தளைச் சாவியை மரச்சில்லோடு நீட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.

"அம்மா, உன் கால்ல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதை ஞாயித்துக்கிழமை நூலகத்துத் திருப்பத்துலயே சொல்லுவேன்னு எதிர்பார்த்தேன். மூணு நாள் லேட்டுடா, டைம்டேபிள் வாத்தியாரே."

கியரைப் போட்டாள். கிளம்புமுன் ஒரு தடவை, வேண்டுமென்றே, நன்றாகத் தெரியும்படி, கிளட்ச்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக் காட்டினாள். கேட்டைத் திறக்காமல், வண்டி தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.